கைப்பேசி யார் கையில்?

பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கியவுடன் கிளையின் நாற்காலியிலேயே அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்க்கும் பெரியவர்களை வங்கியில் பணியாற்றுவோர் அனைவரும் அறிவர். ஓய்வூதியம் வந்த நாள், வைப்புத்தொகைக்கான வட்டி, மின்கட்டணம் கழிந்தது என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குறுஞ்செய்திக் கட்டணமாக 17 ரூபாய் 70 காசு ஏன் பிடிக்கப்பட்டது என்று கேட்க மீண்டும் கவுன்ட்டருக்கு வருவார். பின்னால் நிற்பவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அவரது மூளை செய்யும் வேலை சாமானியமானதன்று. சென்ற மாத இருப்பை நினைவிலிருந்து எடுக்கிறது, கூட்டிக் கழிக்கிறது, எதிர்பார்த்த தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறது, அடுத்த மாதச் செலவுக்குத் திட்டமிடுகிறது, முன்பின் பழகாத ஓர் அலுவலரிடம் தன் பக்க நியாயத்தைக் கோவையாக எடுத்துரைக்கிறது.

கடந்த பத்து ஆண்டுகளில் இந்த வேலைகள் பெரும்பாலும் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டன. 2016இல் யுபிஐ வந்தது. மின்கட்டணம், எரிவாயு உருளைப் பதிவு, மருந்துக்கடைப் பாக்கி, ரயில் முன்பதிவு என ஒவ்வொன்றாகத் திரைக்கு இடம் மாறின. பல வீடுகளில் இதன் விளைவு ஒரே மாதிரி இருக்கிறது. “கொடுங்கப்பா, நான் போட்டுவிடுகிறேன்” என்று மகனோ மகளோ கைப்பேசியை வாங்கிக்கொள்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், நேரம் மிச்சமாகிறது என்பதும் உண்மை. ஓரிரு ஆண்டுகளில், நாற்பது ஆண்டுகள் குடும்பக் கணக்கைத் தனியொருவராகச் சுமந்தவருக்குத் தம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. முதியோரின் நினைவாற்றலைக் காக்க என்ன கருவி வாங்கலாம் என்று கேட்போர் பலர். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதை அதற்கு முன் பார்க்க வேண்டும்.

இது சிலரின் வீட்டுப் பிரச்சினை மட்டும் அன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. தள்ளிப்போடும் வழிகளைப் பற்றி அறிவியல் சொல்வது மட்டும் ஆண்டுதோறும் தெளிவாகிக்கொண்டிருக்கிறது. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024ஆம் ஆண்டு அறிக்கையில், நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, புகைப்பழக்கம், மனச்சோர்வு, தனிமை, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு ஆகியவை அவற்றுள் சில. இவை அனைத்தையும் களைய முடிந்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. இது கோட்பாட்டளவிலான கணக்கு. எந்தத் தனிமனிதருக்கும் அளிக்கப்படும் உறுதிமொழியாக இதைக் கொள்ளக்கூடாது. எனினும், கடையிலோ இணையத்திலோ ஒரு கருவியைப் பார்த்து ஆசைப்படும்போது, இப்பட்டியலில் உள்ள எதற்கு அது உதவும் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல உரைகல்.

திரை மூளையை மழுங்கச் செய்யுமா?

கைப்பேசியும் கணினியும் மூளையைச் சோம்பேறியாக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ‘டிஜிட்டல் டிமென்ஷியா’ என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். முதியோரைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள் இருவர் தேடிப் பார்த்தனர். ஐம்பத்தேழு ஆய்வுகளை, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து அவர்கள் செய்த பகுப்பாய்வு 2025இல் ‘நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர்’ இதழில் வெளியானது. கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முதியோரிடம் அறிதிறன் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது.

இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மூளை நலமாக இருப்பவர்களே புதிய கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? கல்வி, வருமானம், உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் தொடர்பு நீடித்தது என்று ஆய்வாளர்கள் கூறினாலும், எது காரணம், எது விளைவு என்பது இத்தகைய ஆய்வுகளால் தீர்ந்துவிடுவதில்லை. கைப்பேசியைத் தொட்டால் முதியவரின் மூளை கெட்டுவிடும் என்று அஞ்சி அதை அவரிடமிருந்து ஒளித்துவைக்கக் காரணம் இல்லை என்ற அளவுக்கு இதிலிருந்து துணிந்து சொல்லலாம்.

பயன் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்கவும் முடிகிறது. பழகிய செயலி திடீரெனப் புதுத் தோற்றத்துடன் திறக்கிறது; கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது; எங்கே போனது அந்தப் பொத்தான் என்று தேட வைக்கிறது. இளைஞர்களுக்கே எரிச்சலூட்டும் இந்தத் தொல்லைகள் மூளைக்குப் புதிய வேலை தருகின்றன. மகன் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடும் வீட்டில் அந்த வேலை மகனுடைய மூளைக்குத்தான் கிடைக்கிறது.

கற்றுக்கொள்ளும் வயது கடந்துவிட்டது என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாற ஊராட்சியில், ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்கள் தங்கள் கூலி கணக்கில் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே வங்கிக்குச் சென்று வரிசையில் நின்றனர். அதற்காக ஒரு நாள் வேலையை இழந்தனர். இருப்பைக் கைப்பேசியிலேயே பார்க்கக் கற்றுக்கொடுத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து அங்கே தொடங்கிய எழுத்தறிவு முயற்சி மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கற்றவர்களுள் 90 வயதைக் கடந்தவர்களும் இருந்தனர். எர்ணாகுளம் மாவட்டத்து முதியவர் ஒருவர் நூறு வயதைத் தாண்டியவர். தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணைக்கே சென்று, கைப்பேசியை அவரவர் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் நடக்காதது இதுவே. நாம் செய்து காட்டுகிறோம். அவர்கள் கையால் செய்ய விடுவதில்லை.

விளையாட்டுச் செயலிகள்

‘மூளைப் பயிற்சி’ என்ற பெயரில் சந்தா கேட்கும் செயலிகள் ஏராளம். இவற்றுள் புகழ்பெற்ற ‘லூமாசிட்டி’யை நடத்தும் நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கும் என்பது போன்ற விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில், 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பயிற்சியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 65 வயதைக் கடந்த 2,832 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில், பகுத்தறியும் பயிற்சியும், கண்ணில் பட்டதை விரைந்து இனங்காணும் பயிற்சியும் பெற்றவர்களிடம் அந்தந்தத் திறன்களில் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பலன் தெரிந்தது. நினைவாற்றல் பயிற்சியின் பலன் அவ்வளவு காலம் நிற்கவில்லை. எதைப் பழகுகிறோமோ அதில் தேர்ச்சி வருகிறது. குறுக்கெழுத்து பிடித்தால் போடட்டும், சதுரங்கம் பிடித்தால் ஆடட்டும். ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம்.

காதுக்குச் செலவிடுங்கள்

அறிதிறனைக் காக்க வீட்டுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், செவித்திறன் குறைந்தவருக்குக் காது கேட்கும் கருவியை வாங்குங்கள் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. கண்ணாடி அணிய யாரும் வெட்கப்படுவதில்லை; காதில் கருவி வைப்பதை மட்டும் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். காது மங்கும்போது மூளைக்கு இரட்டைச் சுமை ஏற்படுகிறது. பாதி மட்டும் கேட்ட சொல்லை ஊகித்து நிரப்பவே அதன் ஆற்றல் செலவாகிவிடுவதால், கேட்டதை நினைவில் பதிக்க எஞ்சுவது சிறிதே. அடுத்து, திரும்பத் திரும்ப “என்ன?” என்று கேட்கக் கூச்சப்பட்டு, அந்த மனிதர் உரையாடலிலிருந்தே ஒதுங்கிக்கொள்கிறார். “அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது” என்று நாம் கருதுவதில் ஒரு பகுதி, நாம் சொன்னது அவர் காதில் விழாததே.

கருவி உண்மையில் பலன் தருமா என்று ஆராய்ந்த ‘அச்சீவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. செவித்திறன் குறைந்த, 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தனர். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதய நோய் போன்ற ஆபத்துக் காரணிகள் மிகுந்திருந்த பிரிவினரிடம், கருவி அணிந்தோரின் அறிதிறன் சரிவு ஏறத்தாழப் பாதியாக, 48 விழுக்காடு, குறைந்திருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் நாட்டில் இந்த இரண்டாவது முடிவைக் கவனிக்காமல் விட முடியாது.

வாங்குவதற்கு முன் செவித்திறன் வல்லுநரிடம் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. அளவு பார்க்காமல் இணையத்தில் மலிவாக வாங்கும் ஒலிபெருக்கி, இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, நான்கே நாளில் அலமாரிக்குப் போய்விடும். நல்ல கருவிக்கும் சில வாரப் பழக்கம் தேவை. அமைப்பைத் திருத்த இரண்டு மூன்று முறை சென்று வர வேண்டியிருக்கும். மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் தலைமை நிறுவனங்களுள் ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்குக் காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல் முதலியவற்றை இலவசமாக வழங்கும் ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா’ என்ற மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. கருவி வரும் வரையிலும், பேசுவதைத் தமிழ் எழுத்தாகத் திரையில் காட்டும் வசதி திறன்பேசிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஒருமுறை அமைத்துக் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

பேச்சும் அளவீடும்

காணொளி அழைப்பைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. தனிமையில் வாழும், 75 வயதைக் கடந்த அமெரிக்கர்கள் 186 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருடன் பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம், காணொளியில் உரையாடினார். மற்றப் பிரிவினருக்கு வாரம் ஒருமுறை சிறு தொலைபேசி அழைப்பு மட்டும். ஆறு மாத முடிவில் உரையாடியவர்களின் அறிதிறன் மதிப்பெண் மேம்பட்டிருந்தது. பெங்களூருவிலோ புனேவிலோ இருக்கும் பிள்ளைகள் “சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா” என்று இரண்டு நிமிடம் விசாரித்து வைப்பதற்கும் இதற்கும் வெகுதூரம். பேரப்பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் சொல்லித் தரச் சொல்லுங்கள்; வத்தக்குழம்பின் பக்குவத்தை அம்மா சொல்லச் சொல்ல இங்கே அடுப்பில் வையுங்கள்; 1970களில் அப்பா பார்த்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவர் யோசித்துப் பேசும்படியான அழைப்பாக அது இருக்க வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் இரத்த அழுத்தமானிக்கும் இப்பட்டியலில் உயர்ந்த இடம் உண்டு. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ‘ஸ்பிரிண்ட் மைண்ட்’ ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைத்திருந்தோரிடம், 140க்குக் கீழே மட்டும் வைத்திருந்தோரைவிட, லேசான அறிதிறன் குறைபாடு குறைவாக ஏற்பட்டது. முழுமையான மறதிநோயில் அவ்வாறு உறுதியான வேறுபாடு தெரியவில்லை. யாருக்கு எந்த இலக்கு என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டும் கருவியே நம்பகமானது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்த பிறகு, கையை இதய மட்டத்தில் வைத்து அளந்து, அந்த எண்ணைப் பெரியவரே ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். அந்தக் குறிப்பும் ஒரு கணக்குப் பதிவேடுதான்.

அடிகளை எண்ணும் கைக்கடிகாரம், மாத்திரை வேளையை நினைவூட்டும் அலாரம், குரலுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி ஆகியவை அவரவர் வசதிக்கேற்ப. கூடத்தில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதற்கு மட்டும், அங்கே வாழப்போகிறவரின் இசைவைக் கேட்டுப் பெறுங்கள்.

முதலில் தடுமாறுவது கணக்கு

இனி நம் துறைக்கு வருவோம். அறிதிறன் சரியத் தொடங்கும்போது அதன் முதல் அடையாளங்கள் பலருக்குப் பண விவகாரத்தில் தென்படுகின்றன. தனியாக வாழ்ந்த 80,000க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியோரின் கடன் பதிவேடுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, மறதிநோய் உறுதிசெய்யப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே தவணைகளைத் தவறவிடுவது மிகுந்திருந்ததைக் கண்டது. மருத்துவர் அறிவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வங்கிக் கணக்கு அறிந்திருக்கிறது. ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துவது, கையெழுத்து மாறிக்கொண்டே போவது, ஏடிஎம் ரகசிய எண்ணை அடிக்கடி மறப்பது, வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகை எடுப்பது ஆகியவை ஒருமுறை நடந்தால் மனிதத் தவறு. தொடர்ந்து நடந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம். கணக்கைப் பிள்ளைகள் முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்ட வீட்டில் இந்த எச்சரிக்கை மணி ஒலிக்கவே வாய்ப்பில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பெரியவர் கையிலேயே விட்டுவிடுவதா? வேண்டியதில்லை, இடைவழிகள் உண்டு. யுபிஐ இணைக்கப்பட்ட கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்து, சேமிப்பை வேறு கணக்கிலோ வைப்புத்தொகையிலோ வைக்கலாம். நாள் உச்சவரம்பைக் குறைக்கலாம். 2024இல் அறிமுகமான ‘யுபிஐ சர்க்கிள்’ வசதியில், ஒருவரின் கணக்கிலிருந்து அவர் நம்பும் மற்றொருவர் பணம் செலுத்தலாம். பகுதி அதிகாரம் என்ற முறையைத் தெரிவுசெய்தால், பெரியவர் கடையில் தாமே குறியீட்டைப் பதிவு செய்து தொகையை இடுவார். கணக்குக்கு உரியவரான மகளின் ஒப்புதல் கிடைத்தபின் பணம் செல்லும். முழு அதிகாரம் அளித்தால் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் தேவையில்லை. மாதத்துக்கு 15,000 ரூபாய் என்ற வரம்பு உண்டு. கைப்பேசி அறவே வேண்டாம் என்பவர்களுக்கு, 70 வயதைக் கடந்தோரின் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு 2017இல் ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருக்கிறது. கிளையில் கேளுங்கள்.

சட்டத்தின் பக்கம் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் அறியாதது. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் பிற்காலத்தில் கவலையில்லை என்று எண்ணுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். மிகவும் தேவைப்படும் வேளையில் பத்திரம் செல்லாததாகி, குடும்பம் நீதிமன்றத்தை நாட வேண்டியதாகிறது. கூட்டுக் கணக்கு, ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற இயக்க முறை, நாமினி பதிவு, உயில் ஆகிய அனைத்தையும் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் படித்து, கேள்வி கேட்டு, மனமொப்பிக் கையெழுத்திட முடித்துவிடுவது நல்லது. மனமொப்பி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முதியோரின் பணத்தை ஏமாற்றுபவர்கள் எப்போதும் வெளியார்களாகவே இருப்பதில்லை.

வெளியார்களும் குறைவில்லை. காவல்துறை, சுங்கத்துறை, சிபிஐ என்று கூறிக்கொண்டு காணொளியில் மிரட்டி, அறையை விட்டு வெளியேறக்கூடாது என்று மணிக்கணக்கில் திரைமுன் அமரவைத்துப் பணம் பறிக்கும் கூட்டம் முதியோரையே குறிவைக்கிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. எந்த அதிகாரியும் காணொளியில் கைது செய்வதில்லை. விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதுமில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதியோருக்கான பிற உதவிகளுக்கு 14567. இவ்விரு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவையுங்கள். ஏமாந்துபோனவரை “இந்த வயதில் உங்களுக்கு எதற்குக் கைப்பேசி” என்று கடிந்துகொள்ளும் வீட்டில், அடுத்த முறை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுவே.

ஓய்வூதியர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு பயிற்சிக்களம் ஆண்டுதோறும் தானாகவே வருகிறது. நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருள் 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். 2014இல் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ முறையில், 2021 முதல் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து சான்று அளிக்கும் வசதி இருக்கிறது. ஆதாரின் முகச் சரிபார்ப்புச் செயலியும் ஜீவன் பிரமாண் செயலியும் வேண்டும். அவற்றை நிறுவித் தருவது வரை உங்கள் வேலை. அதன்பின் ஆதார் எண்ணை இடுவது, ஓய்வூதிய ஆணை எண்ணைத் தேடி எடுப்பது, வெளிச்சம் முகத்தில் விழுமாறு சன்னல் பக்கம் திரும்பி அமர்வது, கண்ணை இமைப்பது எல்லாம் அவருடையது. முதல் முறை அரை மணி நேரம் ஆகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.